ரிப்போர்ட் எல்லாம் நோர்மல். நெஞ்சு மட்டும் வலிக்கிறது

கடந்த வருடம் நோன்புக்கு முந்திய ஒரு நாள், இரவு இரண்டு மணியிருக்கும். திடுக்கிட்டு எழுந்தேன். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போலிருந்தது. இதயம் அடிக்கும் சத்தம் காதில் கேட்டது. விரல் நுனிகள் விறைத்தன. மூச்சை எவ்வளவு இழுத்தும் போதவில்லை. "இஞ்ச பாருங்க, என்ன இப்பிடி வேர்க்குது?" என்று மனைவி விளக்கைப் போட்டார். என் வாயிலிருந்து வந்தது ஒரு சொல்தான்: "வாப்பா."

என் வாப்பா நெஞ்சு வருத்தத்தில் மௌத்தானவர். அப்போது அவருக்கு வயது 47.

பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினோம். ஈ.சீ.ஜி. எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தார்கள். காலையில் ஒரு வைத்தியர் வந்து, "ஒன்றுமில்லை சேர், எல்லாம் நோர்மல்" என்று துண்டு வெட்டி அனுப்பினார். வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் பதினெட்டாவது நாள் அதே வலி மீண்டும் வந்தது.

அடுத்த நான்கு மாதங்களில் மூன்று முறை வாட்டில் கிடந்தேன். கொழும்புக்குப் போய்த் தனியார் மருத்துவமனையில் எக்கோ, எக்ஸசைஸ் ஈ.சீ.ஜி. எல்லாம் செய்தேன். ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூடுதலாகச் செலவானது. கோப்பு தடித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு தாளிலும் நோர்மல் என்றே இருந்தது. அந்தச் சொல் எனக்கு நிம்மதி தருவதற்குப் பதிலாகப் பயத்தைத்தான் தந்தது. இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாத ஏதோ ஒன்று எனக்குள் இருக்கிறது என்று நினைத்தேன்.

நான் விஞ்ஞான ஆசிரியர். கலாசாலையில் கல்வி உளவியல் படித்துப் பரீட்சை எழுதியவன். பதகளிப்பு மனிதனின் உடலில் என்னென்ன செய்யும் என்று மாணவர்களுக்குப் படம் வரைந்து விளக்கியவன். அது எனக்கே நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைப் போல் தடித்த கோப்புகளோடு அலையும் பலரை அதற்குப் பிறகு எங்கள் ஊரிலேயே கண்டுவிட்டேன். அவர்களுக்காகவும் அவர்களின் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் இதயத்தைப் பாருங்கள்

இக்கட்டுரையை வாசித்துவிட்டு எவரும் "எனக்கும் இது மனம் சம்பந்தப்பட்டதுதான்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இலங்கையின் வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு முதன்மையான காரணம் இதய இரத்தக் குழாய் நோயே. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதலாவது மாரடைப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முந்தியே வருவதைக் காட்டியது.

எங்கள் உறவில் ஒரு ராத்தா. ஐம்பது வயதைத் தாண்டியவர், சீனி வருத்தம் உள்ளவர். நெஞ்சு எரிகிறது, தோள் உளைகிறது, களைப்பாயிருக்கிறது என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். "காஸ்தான்", "ஒனக்கு எல்லாத்துக்கும் யோசின" என்று வீட்டார் சொன்னார்கள். ஒரு மருந்தகத்தில் காஸ் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது மாரடைப்பு வந்து ஒரு நாள் கடந்திருந்தது. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரர்களுக்கும் மாரடைப்பு நாம் நினைக்கும் வடிவத்தில் வராமல் போகலாம். நெஞ்சு வலி பெரிதாக இல்லாமல் களைப்பு, மூச்சுத் திணறல், வாந்தி என்றும் வரலாம்.

நெஞ்சை அழுத்தும் வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், கை, தாடை, முதுகுப் பக்கம் பரவினால், குளிர்ந்த வியர்வையோ மயக்கமோ வந்தால், நடக்கும்போது வந்து நின்றால் குறைகிற வலியாக இருந்தால், யோசிக்காமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அது இலவசம். நான் செய்தது போல் ஓட்டோவில் ஓட வேண்டாம். ஒரு தடவை எடுத்த ஈ.சீ.ஜி. நன்றாக இருப்பதும் போதாது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ட்ரொபோனின் என்ற புரதம் குருதியில் கலக்கும். அதை இரண்டு முறை, இடைவெளி விட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

"ஒன்றுமில்லை" என்றால் என்ன?

பரிசோதனைகள் முடிந்து வைத்தியர் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது, "உயிராபத்தான இதய நோய் இல்லை" என்பதையே அவர் சொல்கிறார். நமது காதில் விழுவதோ "உனக்கு வலியே இல்லை, நீ நடிக்கிறாய்" என்பது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நோயாளி தொலைந்து போகிறார்.

நெஞ்சுக்குள் இதயம் மட்டும் இல்லை. இரைப்பை அமிலம் மேலே ஏறி, களம் எனப்படும் உணவுக்குழாயை எரித்தால் வலிக்கும். இதயத்திலிருந்தும் களத்திலிருந்தும் வலியைக் கொண்டு செல்லும் நரம்புகள் ஏறக்குறைய ஒரே பாதையால் போவதால், எது எதுவென்று மூளைக்கே பிரித்தறிவது கடினம். விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் இடம் அழன்றாலும் வலிக்கும். அவ்விடத்தை விரலால் அழுத்தினால் வலி கூடும். இதயத்தின் பெரிய குழாய்கள் நன்றாக இருந்து, சிறிய குழாய்கள் சரியாக விரியாததாலும் வலி வரலாம். இது பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அஞ்சியோகிராம் நன்றாக இருந்தும் நடக்கும்போது வலி வந்தால், இதைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை பதகளிப்பும் மனச்சோர்வும், திடீரென்று வந்து தாக்கும் பீதியும். கனடாவின் மொன்றியல் இருதய நிறுவகத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நெஞ்சு வலியோடு வந்த 441 பேரை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பீதி நோய் இருந்தது. அதை அங்கிருந்த இருதய வைத்தியர்கள் 98 சதவீதமானவர்களில் அடையாளம் காணவில்லை. பீதி நோய் இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு முந்திய வாரத்தில் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பப்படுகிறவர்கள் மத்தியில் இப்படியானவர்களும் இருக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு விடயமும் உண்டு. பீதி நோய் இருந்தவர்களில் 44 சதவீதமானோருக்கு இதய நோயும் முன்பே பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். எனவே "இதயமா, மனமா" என்று ஒன்றைத் தெரிவு செய்து மற்றதை மூடிவிட முடியாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

தரம் பதினொன்றுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. வீதியில் நாய் துரத்துகிறது. அதிரீனலின் என்ற ஓமோன் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்க்கிறது. ஓடுவதற்கு உடல் ஆயத்தமாகிறது. நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

பீதித் தாக்கத்தில் நாய் இல்லை. ஆனால் உடல் அதே ஆயத்தத்தைச் செய்கிறது. ஓடாமல் படுக்கையில் கிடந்தபடி வேகமாக மூச்சு விடுவதால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. குருதியின் காரத்தன்மை சற்று கூடுகிறது. அதனால் குருதியில் கட்டற்ற நிலையிலுள்ள கல்சியம் குறைந்து, நரம்புகள் தூண்டப்பட்டு விரல்களும் உதட்டைச் சுற்றிய இடமும் விறைக்கின்றன. மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. ஒட்சிசன் உடலில் போதிய அளவு இருந்தும் மூச்சுப் போதாதது போல் தோன்றுகிறது. விலாக்களுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகி உண்மையாகவே வலிக்கின்றன.

இந்த இடத்தில்தான் ஒரு சக்கரம் சுழலத் தொடங்குகிறது. நெஞ்சு வலிக்கிறது, "இது மாரடைப்பு" என்று மனம் சொல்கிறது, பயத்தில் இன்னும் அதிரீனலின் சுரக்கிறது, வலி கூடுகிறது, "நான் நினைத்தது சரிதான்" என்று மனம் உறுதிப்படுத்துகிறது. பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் இது உச்சத்துக்குப் போய்ப் பின்னர் இறங்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் மனிதன் மௌத்தைக் கண்முன்னால் காண்கிறான். பிறகு அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்குகிறான். நான் அப்படித்தான் இருந்தேன். வகுப்பில் படிப்பித்துக்கொண்டே மேசைக்குக் கீழே நாடியைப் பிடித்து எண்ணுவேன். பள்ளிவாசலில் கடைசி ஸஃப்பில், கதவோரமாக நிற்பேன்.

புதிய நோயல்ல

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட படைவீரர்கள் பலர் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறலோடு வந்தார்கள். இதயத்தில் கோளாறு எதையும் காண முடியவில்லை. ஜேக்கப் டா கொஸ்தா என்ற வைத்தியர் அவர்களில் 300 பேரை ஆராய்ந்து 1871இல் எழுதினார். முதலாம் உலகப் போரில் இதே நிலையைக் கண்ட ஆங்கிலேய வைத்தியர்கள் அதைப் "படைவீரர் இதயம்" என்று அழைத்தார்கள். 1941இல் இலண்டன் இருதய வைத்தியர் போல் வுட், இதன் வேர் இதயத்தில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். பீதி நோய் என்ற தனிப்பெயர் அமெரிக்க உளமருத்துவ வகைப்படுத்தலில் 1980இல்தான் இடம்பெற்றது.

அந்தப் படைவீரர்களை எவரும் கோழை என்று சொல்லிவிட முடியாது. துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். நமது மக்களும் அப்படித்தான். 1990இல் வடக்கிலிருந்து ஒரு பையோடு வெளியேற்றப்பட்டவர்கள், காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள், 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் நம் ஊர்களில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, அவரிடம் ஈ.சீ.ஜி. மட்டும் எடுத்தால் பாதிதான் பார்த்ததாகும்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். அவருடைய மகள் அடிக்கடி பாடசாலைக்கு வருவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் காரணம் கேட்டேன். "உம்மாக்கு நெஞ்சு நோவு சேர், நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போறது" என்றாள் பிள்ளை. தாயிடம் கேட்டபோது கோப்பைக் காட்டினார். எனது கோப்பை விடத் தடிப்பு. எல்லாம் நோர்மல். நான் வைத்தியர் அல்ல. ஆனால் என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன்: "இது முதல் எப்ப வந்த தங்கச்சி?"

நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். 2020 டிசம்பரில் அவருடைய கணவர் கொரோனாவில் மௌத்தானார். ஜனாஸாவை எரித்தார்கள். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, முகம் பார்க்கவில்லை. "நெருப்ப நினைக்கிற நேரம்தான் சேர் இந்த இடம் எரியிற" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். 2021 மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டபோது, இன்னும் மூன்று மாதம் அவர் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தனக்குத் தோன்றியதாம். இத்தனை வருடங்களாக இத்தனை கிளினிக்குகளில் எவரும் இதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது மனச்சோர்வு. நம்மவர்கள் பலருக்கு மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. நெஞ்சு நோவாக, உடம்பு உளைச்சலாக, தலையிடியாகத்தான் வருகிறது.

நாம் சொல்லும் சொற்கள்

என் நிலை ஊருக்குத் தெரிந்தபோது மூன்று வகையான ஆலோசனைகள் வந்தன. "ஈமான் குறைஞ்சா இப்பிடித்தான், குர்ஆன் ஓதுங்க" என்றார் ஒருவர். "யாரோ செய்வினை செய்திருக்காங்க" என்று சொல்லி ஒரு முகவரியைத் தந்தார் இன்னொருவர். "ஆம்பிள, இதுக்கெல்லாம் பயப்பிடுறதா மச்சான்?" என்றார் என் சிநேகிதர். மூவரும் என்மேல் அன்புள்ளவர்கள். ஆனால் மூன்றும் என்னை இன்னும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்தன.

தொழுகையும் திக்ரும் எனக்கு ஆறுதல் தந்தன, தருகின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோயாளியைப் பார்த்து உனக்கு ஈமான் இல்லை என்று சொல்வது வேறு விடயம். மகனை இழந்த கவலையில் பார்வையையே இழந்த யஃகூப் நபியின் வரலாற்றை ஓதுகிறவர்கள் நாம். அவருக்கு ஈமான் குறைவு என்று எவரும் சொல்வோமா? பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அபூ ஸைத் அல் பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், உடலினதும் உள்ளத்தினதும் நலன் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளம் வாடும், உள்ளம் நோயுற்றால் உடலும் வருந்தும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. முதலுதவிக்கு மருந்து எடுத்து வைப்பது போல், திடீரென வரும் அச்சத்துக்கு நல்ல எண்ணங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வையுங்கள் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

இன்னொரு தடை "அங்கொடை" என்ற சொல். அதை ஏச்சாகப் பாவித்தே பழகிவிட்டோம். மூன்றாவது முறை துண்டு வெட்டும்போது ஒரு வைத்தியர் என்னை உளநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். நான் அதை மடித்துக் கோப்புக்குள் வைத்து இரண்டு மாதம் தொடவில்லை. எனக்குப் பைத்தியமா என்ற கேள்வி. கடைசியில் போன அன்றுகூட, பல் கிளினிக்குக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள்.

அந்தக் கதவுக்குப் பின்னால்

உள்ளே இருந்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வலி உண்மையானதுதான் சேர்" என்றார். நான்கு மாதத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். பிறகு கேட்டார்:

"வாப்பா மௌத்தாகும்போது அவருக்கு என்ன வயது?"

"நாற்பத்தேழு."

"உங்களுக்கு இப்ப?"

"நாற்பத்தாறு. வாற மாதம் நாற்பத்தேழு."

அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சிகிச்சையில் மாயம் ஏதுமில்லை. அறிகை நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். முதலில் மேலே சொன்ன சக்கரத்தை எனக்கே வரையச் சொன்னார். பிறகு வைத்தியசாலை மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். இதயம் படபடவென்று அடித்தது. "இப்ப மாரடைப்பு வந்ததா?" என்றார். ரிப்போர்ட்டுகள் நன்றாக இருந்ததால்தான் இந்தப் பயிற்சி. நாமாகச் செய்து பார்ப்பதற்கு அல்ல. நாடி பிடித்துப் பார்ப்பதை நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். கதவோரம் நிற்பதை விட்டு ஒவ்வொரு ஸஃப்பாக முன்னுக்குப் போக வேண்டும். வலி வந்தால் மெதுவாக, மூச்சு விடும் நேரத்தை நீட்டி, அது உச்சத்துக்குப் போய் இறங்கும் வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு மாத்திரையும் தந்தார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில பதகளிப்புக்கும் பயன்படுகின்றன. அவை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். ஆரம்பத்தில் சிறிது அந்தரமாகவும் இருக்கலாம். அவற்றுக்கு நாம் அடிமையாவதில்லை. ஆனால் வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. உடனே அமைதி தரும் வேறு வகை மாத்திரைகளும் உண்டு. அவைதாம் பழக்கத்தை உண்டாக்கக் கூடியவை. அவற்றை வைத்தியர் சொல்லும் சொற்ப நாட்களுக்கு மட்டுமே பாவிக்க வேண்டும். மருந்தகத்தில் துண்டில்லாமல் வாங்கிப் போடுவது ஆபத்து.

இதற்கு நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஆதார வைத்தியசாலைகள் பலவற்றில் இப்போது உளநலப் பிரிவு இருக்கிறது, சேவை இலவசம். நேரில் போகத் தயங்குகிறவர்கள் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட் நோர்மல் என்று வந்த பிறகும் உங்கள் வாப்பாவோ உம்மாவோ மனைவியோ வலிக்கிறது என்று சொன்னால், "ஒண்ணுமில்ல எண்டுதானே டொக்டர் சொன்ன" என்று வாயை அடைக்காதீர்கள். "முதல் எப்ப வந்த? அந்த நாளையில என்ன நடந்த?" என்று கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள். வைத்தியரிடம் போகும்போது, "இதயம் இல்லை என்றால் வேறு என்னவாக இருக்கலாம்? அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்?" என்று நீங்களே கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு வலி முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மாதம் ஒருமுறை அவரே தனியாகக் கிளினிக்குக்குப் போய் வருகிறார். மகள் பாடசாலைக்கு ஒழுங்காக வருகிறாள்.

எனக்கு நாற்பத்தேழு முடிந்துவிட்டது. பிறகும் இரண்டு தடவை வலி வந்தது. வருடத்துக்கு ஒரு முறை இதயத்தையும் பரிசோதிக்கிறேன். வாப்பாவின் வருத்தம் குடும்பத்தில் இருப்பதால் அதையும் விட்டுவிட முடியாது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நின்றேன்.